குவைத்தும் பிரிட்டனும்: 1899 இரகசிய உடன்படிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1899 ஜனவரி 23 அன்று குவைத்தின் ஆட்சியாளர் ஷேக் முபாரக் அல்சபாஹ், பாரசீக வளைகுடாவில் பிரிட்டிஷ் இந்திய அரசின் அரசியல் ரெசிடெண்டாக, அதாவது தலைமைப் பிரதிநிதியாக, இருந்த லெப்டினன்ட் கர்னல் மால்கம் மீடுடன் மிகச் சுருக்கமான ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். துருக்கிய சுல்தானின் உரிமைக்கோரிக்கைக்கும், ஜெர்மனி, ரஷ்யா ஆகிய வல்லரசுகளின் ரயில் திட்டங்களுக்கும் நடுவே செய்யப்பட்ட அந்த உடன்படிக்கை 62 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அது குறித்து வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது என்ன?

முபாரக் தமக்காகவும் தம் வாரிசுகளுக்காகவும் தமக்குப் பின் ஆட்சிக்கு வருவோருக்காகவும் இரண்டு உறுதிமொழிகளை அளித்தார். பிரிட்டிஷ் அரசின் முன் அனுமதியின்றி வேறு எந்த நாட்டின் பிரதிநிதியையோ முகவரையோ குவைத்திலோ தம் எல்லைக்குட்பட்ட வேறு எந்த இடத்திலோ ஏற்பதில்லை என்பது முதலாவது. அதே முன் அனுமதியின்றித் தம் நிலத்தின் எந்தப் பகுதியையும் வேறொரு நாட்டு அரசுக்கோ அதன் குடிமக்களுக்கோ விட்டுக்கொடுப்பதில்லை, விற்பதில்லை, குத்தகைக்கு விடுவதில்லை, அடகு வைப்பதில்லை, குடியிருக்கவோ வேறு எதற்குமோ தருவதில்லை என்பது இரண்டாவது.

அந்த வினைச்சொற்களின் வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நிலம் கைமாறக்கூடிய வழிகள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அடைக்கப்பட்டிருக்கின்றன. சாட்சிக் கையொப்பமிட்டவர்களுள் ரெசிடெண்டின் அலுவலகமான ரெசிடென்சியில் பணிபுரிந்த ஜே. கால்கட் காஸ்கினும், பஹ்ரைனில் பிரிட்டிஷ் முகவராக இருந்த வணிகர் முகமது ரஹீம் பின் அப்துல் நபி சஃபரும் அடங்குவர். வளைகுடாவில் பிரிட்டனின் அன்றாட அரசியல் வேலை வெள்ளைக்கார அதிகாரிகளால் மட்டும் நடக்கவில்லை. இரு மொழியும் அறிந்த, இரு பக்கமும் செல்வாக்குள்ள இத்தகைய வணிகர்கள் இல்லாமல் அது ஓரடிகூட நகர்ந்திருக்காது.

பதிலுக்கு பிரிட்டன் அளித்தது என்ன?

உடன்படிக்கையின் உள்ளே ஏறக்குறைய எதுவும் இல்லை. பணமும் ஆதரவும் மீட் தனியாகக் கொடுத்த கடிதத்தில் இடம்பெற்றன. பாரசீகக் கரையில் ரெசிடெண்டின் தலைமையிடமாக இருந்த புஷேரின் கருவூலத்திலிருந்து 15,000 ரூபாய் வழங்கப்படும் என்றும், முபாரக்கும் அவருடைய வாரிசுகளும் உடன்படிக்கையின் நிபந்தனைகளை நேர்மையாகவும் வழுவாமலும் கடைப்பிடிக்கும் வரை பிரிட்டிஷ் அரசின் நல்லுதவி அவர்களுக்குக் கிடைக்கும் என்றும் அதில் கூறப்பட்டது. அன்றைய மாற்று மதிப்பில் 15,000 ரூபாய் என்பது ஆயிரம் பவுண்டு.

இந்த உறவின் முழு இயல்பும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஷேக் எதைச் செய்யக்கூடாது என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. பிரிட்டன் எதைச் செய்ய வேண்டும் என்பது வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டது. படையெடுப்பு வந்தால் காப்போம் என்ற வாக்கியம் எங்கும் இல்லை. 1902இல் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபுவே தம் குறிப்பொன்றில், ஷேக்கின் பால் பிரிட்டனுக்குள்ள கடமைகளும் ஷேக்கின் நாட்டு எல்லைகளும் ஒரே அளவுக்குத் தெளிவற்றவை என்ற கருத்தை எழுதி வைத்தார். கடமைப்பட்டவரே இப்படி எழுதுகிற அளவுக்கு அந்தக் கடிதம் நெகிழ்வானதாக இருந்தது.

அந்தக் காலத்தில் குவைத் உண்மையில் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

கேட்கப்படும் இடத்தைப் பொறுத்து விடை மாறியது. இஸ்தான்புல்லில் கேட்டால், குவைத் பஸ்ரா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு வட்டம், ஷேக் அங்கே சுல்தானின் காயிம்மகாம், அதாவது வட்ட ஆட்சியர். 1871இல் பாக்தாத் ஆளுநர் மித்ஹத் பாஷா குவைத்துக்குத் தெற்கே உள்ள அல்ஹசா பகுதிக்குப் படை நடத்தியபோது, அன்றைய குவைத் ஷேக் அப்துல்லா தம் கப்பல்களுடன் அதற்குத் துணை நின்று அந்தப் பட்டத்தைப் பெற்றார். முபாரக்கும் 1897இல் அதே பட்டத்தை விரும்பிக் கேட்டு வாங்கியவரே. குவைத் கப்பல்கள் துருக்கியக் கொடியையே பறக்கவிட்டன.

குவைத் நகரில் கேட்டால் நிலைமை வேறு. அங்கே துருக்கியப் படை நிலைகொண்டிருக்கவில்லை, வரி வசூலிக்கும் துருக்கிய அதிகாரி இல்லை, வழக்குகளை ஷேக்கே தீர்த்தார். ஆனால் சபாஹ் குடும்பத்தின் பெரும் சொத்தான பேரீச்சந் தோட்டங்கள் ஷத்துல் அரப் ஆற்றங்கரையில், ஃபாவ் பகுதியில், சந்தேகத்துக்கு இடமற்ற துருக்கிய மண்ணில் இருந்தன. சுல்தானை முழுமையாகப் பகைத்துக்கொள்ள எந்தக் குவைத் ஷேக்கும் துணியாததற்கு மத மரியாதையைப் போலவே இந்தத் தோட்டங்களும் ஒரு காரணம்.

முபாரக் பிரிட்டனைத் தேடிப் போனது ஏன்?

1896 மே மாதம் அவர் தம் சகோதரர்களான முகமதையும் ஜர்ராஹையும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். குவைத்தின் ஆட்சி வரலாற்றில் அப்படி ஒரு கொலை அதற்கு முன் நடந்ததில்லை. கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் பஸ்ராவுக்குத் தப்பினர். அவர்களுக்கு உறவினரும் பெருஞ்செல்வருமான யூசுப் அல்இப்ராஹிம் தம் பணத்தையும் துருக்கிய அதிகாரிகளிடையே தமக்கிருந்த செல்வாக்கையும் முபாரக்குக்கு எதிராகத் திருப்பினார். 1897இல் கப்பல்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குவைத்தைத் தாக்கவும் முயன்றார். அரசுரிமை கோரும் பிள்ளைகள் பஸ்ராவில் இருக்க, அவர்களைத் தூக்கி நிறுத்தும் வாய்ப்பு துருக்கிய ஆளுநரின் கையில் இருக்க, முபாரக்குக்குச் சுல்தானுக்கு எட்டாத ஒரு துணை தேவைப்பட்டது. வளைகுடாவில் அந்தத் தகுதி போர்க்கப்பல் வைத்திருந்த பிரிட்டனுக்கு மட்டுமே இருந்தது.

அவர் 1897இலேயே பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கேட்டார், அது மறுக்கப்பட்டது. சுல்தானிடமிருந்து பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். ஒரு கதவு திறக்காதபோது மற்றொன்றைத் தட்டிய இந்த நடத்தையை இரட்டை வேடம் என்று அன்றைய அதிகாரிகள் சிலர் முகம் சுளித்தனர். வேறு எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை அவர்களும் சொல்லவில்லை.

1897இல் மறுத்த பிரிட்டன் இரண்டே ஆண்டுகளில் மனம் மாறியது எதனால்?

குவைத்தின் மீது திடீரென அன்பு பிறந்துவிடவில்லை, ரயில் வந்தது. 1898இன் இறுதியில் ரஷ்யரான கப்னிஸ்ட் பிரபு, மத்தியதரைக் கடலோரத்துத் திரிபோலியிலிருந்து குவைத் வரை ரயில் பாதை அமைக்கும் உரிமையைச் சுல்தானிடம் கோரினார். அதே ஆண்டில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இஸ்தான்புல்லுக்கும் டமாஸ்கஸுக்கும் விருந்தினராகச் சென்று திரும்பியிருந்தார். ஜெர்மானியர்கள் அனடோலியாவில் போட்டிருந்த பாதை பாக்தாத் வழியாக வளைகுடாவை எட்டும் என்ற பேச்சு வலுத்தது. அந்தப் பாதை கடலைத் தொடும் இடமாக எல்லோருடைய வரைபடத்திலும் குறிக்கப்பட்டது குவைத் விரிகுடா. சேறு படிந்த அந்தக் கரையோரத்தில் ஆழமான, காற்றுக்கு ஒதுக்கமான நங்கூரமிடம் அதுவே.

இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழியின் பக்கவாட்டில் வேறொரு வல்லரசு துறைமுகம் வைத்திருப்பதை பிரிட்டிஷ் இந்திய அரசு பொறுத்துக்கொள்ள விரும்பவில்லை. 1899 ஜனவரியில் வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற கர்சன் இந்த விஷயத்தில் யாரையும்விடத் தீவிரமானவர். லண்டனில் பிரதமரும் வெளியுறவு அமைச்சருமாக இருந்த சால்ஸ்பரி பிரபுவோ, ஐரோப்பிய வல்லரசுகளுடனான பெரிய கணக்குகளில் குவைத் ஒரு சிறு வரி என்று எண்ணியவர். துருக்கியோடு வீண்சண்டை வேண்டாம் என்பது அவர் நிலை. ஷேக்கை நேரடிப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரலாம் என்ற யோசனை கைவிடப்பட்டு, பிறருக்குக் கதவை அடைப்பதோடு நிறுத்திக்கொண்ட ஓர் உடன்படிக்கை உருவானது இந்த இருவேறு மனப்போக்குகளுக்கிடையிலான சமரசத்தால்தான்.

இதே போன்ற உடன்படிக்கைகள் வேறு ஆட்சியாளர்களுடனும் செய்யப்பட்டனவா?

ஆம். மஸ்கட் சுல்தான் 1891இல் தம் நிலத்தை பிரிட்டனுக்கன்றி வேறு யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். பஹ்ரைனும், இன்று ஐக்கிய அரபு அமீரகமாக உள்ள கரையோர ஷேக்குகளும் 1892இல் அவ்வாறே கட்டுப்பட்டனர். மீடிடம் இருந்த வாசகம் புதியதன்று. சுல்தானின் பட்டத்தைத் தாங்கிய ஒருவருடன் அதைச் செய்ததுதான் புதுமை.

இரகசியமாக வைத்தது ஏன்? எப்போது வெளியே வந்தது?

வெளிப்படையாக அறிவித்திருந்தால் சுல்தானின் குடிமகன் எனக் கருதப்பட்ட ஒருவரை பிரிட்டன் விலைக்கு வாங்கியது என்ற குற்றச்சாட்டு எழுந்திருக்கும். மற்ற வல்லரசுகளும் துருக்கியின் பிற பகுதிகளில் அதே வழியைப் பின்பற்றத் துணிந்திருக்கும். முபாரக்குக்கும் தம் தோட்டங்களைப் பற்றிய அச்சம் இருந்தது. ஆனால் கதவை அடைத்திருக்கிறோம் என்பது பிறருக்குத் தெரியாவிட்டால் அடைத்ததில் பயனில்லை. எனவே 1900இலேயே இஸ்தான்புல்லில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஓகானர், ஷேக் தம் நிலத்தைப் பிறருக்குத் தர இயலாதபடி பிரிட்டனுடன் கட்டுப்பட்டிருக்கிறார் என்பதை ஜெர்மன் தூதருக்குத் தெரிவித்துவிட்டார். துருக்கி அந்த உடன்படிக்கையை முறைப்படி ஒப்புக்கொண்டதும் அதன் வாசகம் துருக்கியுடனான ஆவணமொன்றில் இணைக்கப்பட்டதும் 1913இல்தான்.

ஜெர்மானியர்கள் குவைத்துக்கே வந்தார்களா?

வந்தார்கள். 1900இன் தொடக்கத்தில் இஸ்தான்புல்லின் ஜெர்மன் தலைமைத் துணைத்தூதர் ஸ்டெம்ரிச் தலைமையில், பொறியாளர்களும் உடனிருந்த ஆய்வுக் குழு ஒன்று ரயில் பாதைக்கான இறுதி நிலையத்தைத் தேடிக் குவைத்தை அடைந்தது. விரிகுடாவின் உட்கோடியில் உள்ள காழிமாவில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடம் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. முபாரக் அவர்களை வரவேற்றார், பேசினார், நிலம் மட்டும் தரவில்லை.

மறுத்ததற்கான காரணத்தை 1899 உடன்படிக்கையில் மட்டும் தேடுவது சரியன்று. சுல்தானின் ரயில் குவைத்துக்குள் வந்தால் சுல்தானின் சுங்க அதிகாரியும் காவலரும் அதே பெட்டியில் வந்து இறங்குவார்கள் என்பது முபாரக்குக்கு நன்றாகத் தெரியும். 1899இல் அவரே எல்லா இறக்குமதிகளுக்கும், துருக்கியத் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்குகளுக்கும் சேர்த்து, 5 விழுக்காடு சுங்கம் விதித்திருந்தார். அதே ஆண்டு பஸ்ராவிலிருந்து அனுப்பப்பட்ட துறைமுக அதிகாரியை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியும் இருந்தார். பிரிட்டன் வேண்டாம் என்று சொல்லியிராவிட்டாலும் அவர் காழிமாவைக் கொடுத்திருப்பாரா என்பது ஐயமே. பாக்தாத் ரயில் இறுதியில் குவைத்தை எட்டவே இல்லை.

உடன்படிக்கைக்கு உண்மையான சோதனை எப்போது வந்தது?

1901இல். அந்த ஆண்டு மார்ச்சில் முபாரக் நடு அரேபியாவின் நஜ்துப் பாலைவனத்தின் ஆழத்துக்குப் படை நடத்திச் சென்று, ஹாயில் ஆட்சியாளரும் துருக்கியின் நண்பருமான இப்னு ரஷீதிடம் ஸரீஃப் என்ற இடத்தில் படுதோல்வி அடைந்தார். பிரிட்டன் இதற்கு உதவவில்லை. இத்தகைய துணிச்சல் வேலைகள் வேண்டாம் என்றே அறிவுறுத்தி வந்தது. தோற்ற ஷேக்கை அடக்குவதற்கு இதுவே தருணம் எனத் துருக்கியர் கருதினர்.

ஆகஸ்டில் 'ஸுஹாஃப்' என்ற துருக்கியப் போர்க்கப்பல் குவைத்துக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே 'பெர்சியஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நின்றிருந்தது. துருக்கியத் துருப்புகள் கரையிறங்கினால் பலத்தைப் பயன்படுத்தித் தடுப்பேன் என்று அதன் தலைவர் தெரிவித்தார். சட்டப்படி பார்த்தால் விசித்திரமான காட்சி: தமக்குரியது என்று தாம் கருதும் துறைமுகத்தில் இறங்க வந்தவர்களை, அங்கே எந்த உரிமையும் அறிவித்திராத ஒரு நாட்டின் கப்பல் மறிக்கிறது. 'ஸுஹாஃப்' திரும்பிப் போனது.

செப்டம்பரில் லண்டனும் இஸ்தான்புல்லும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. துருக்கி குவைத்துக்குப் படை அனுப்பாது, பிரிட்டன் குவைத்தைக் கைப்பற்றாது, அதைத் தன் பாதுகாப்பு நாடாகவும் அறிவிக்காது. இருக்கும் நிலை அப்படியே தொடரும். இருக்கும் நிலை என்றால் என்ன என்பதை இரு தரப்பும் எழுதவில்லை. டிசம்பரில் அதே 'ஸுஹாஃப்' பஸ்ராவின் நகீபை, அதாவது நபி வழித்தோன்றல்களின் தலைவரை, ஏற்றிக்கொண்டு மீண்டும் வந்தது. துருக்கியப் படையை ஏற்றுக்கொள், இல்லையேல் இஸ்தான்புல்லுக்குப் போய்க் குடியிரு, இரண்டும் இல்லாவிட்டால் பலத்தால் வெளியேற்றப்படுவாய் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்க, முபாரக் மூன்றையும் மறுத்தார். மறு ஆண்டு துருக்கியர் சஃப்வான், உம் கஸ்ர், புபியான் தீவு ஆகிய இடங்களில் காவல் நிலைகளை அமைத்தபோது, பிரிட்டன் எதிர்ப்புத் தெரிவித்ததேயன்றிக் கப்பல் அனுப்பவில்லை. நல்லுதவி என்பது நங்கூரமிடம் வரை நீளும், வடக்கே உள்ள சதுப்பு நிலம் வரை நீளாது என்பதை ஷேக் அப்போது கற்றுக்கொண்டார்.

முபாரக் பிரிட்டனின் கைப்பாவையா?

இல்லை என்பதே இந்தப் பக்கத்தின் முடிவு. ஆனால் சுதந்திரமானவர் என்றும் சொல்ல இயலாது. பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் துருக்கியின் அபாயத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பஸ்ரா ஆளுநரிடம் சுல்தானுக்குத் தம் விசுவாசத்தை உறுதிசெய்தார். 1899க்குப் பிறகும் காயிம்மகாம் பட்டத்தை அவர் துறக்கவில்லை, கொடியையும் இறக்கவில்லை. ரஷ்யப் போர்க்கப்பல்கள் வந்தபோது மாலுமிகளுக்கு விருந்தோம்பல் செய்தார். அந்த விருந்தோம்பல் பற்றிய செய்தி புஷேருக்குப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாததன்று.

நாடிழந்து குவைத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சவூத் குடும்பத்தை அவர் ஆதரித்தது மற்றோர் எடுத்துக்காட்டு. அக்குடும்பத்தின் இளைஞர் அப்துல் அஜீஸ் குவைத்திலிருந்து புறப்பட்டுச் சென்று 1902 ஜனவரியில் ரியாத்தைக் கைப்பற்றினார். பிற்காலத்தில் சவூதி அரேபியாவை நிறுவிய அவர் அரசியலின் அரிச்சுவடியை முபாரக்கின் அவையில் படித்தவர் என்று சொல்வதுண்டு. பிரிட்டன் வேண்டாம் என்று சொன்ன பாலைவன அரசியலில் முபாரக் கடைசி வரை கைவைத்துக்கொண்டே இருந்தார்.

கர்சன் 1903இல் குவைத்துக்குச் சென்றதன் நோக்கம் என்ன?

1903 மே மாதம் லான்ஸ்டவுன், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில், பாரசீக வளைகுடாவில் வேறெந்த வல்லரசும் கடற்படைத் தளமோ அரணிட்ட துறைமுகமோ அமைப்பதை பிரிட்டிஷ் நலன்களுக்கு மிகக் கடுமையான அச்சுறுத்தலாகக் கருதி, எல்லா வழிகளாலும் எதிர்ப்போம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவதே வைஸ்ராயின் கப்பல் அணி வகுப்பு. நவம்பரில் மஸ்கட், ஷார்ஜா, பஹ்ரைன் வழியாக வந்த கர்சன் குவைத்திலும் இறங்கினார். வண்டிப் பழக்கமே இல்லாத அந்த மணல் ஊரில் விருந்தினரை ஏற்றிச் செல்வதற்காக முபாரக் பம்பாயிலிருந்து ஒரு குதிரை வண்டியைத் தருவித்திருந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் கேப்டன் நாக்ஸ் குவைத்தின் முதல் பிரிட்டிஷ் அரசியல் முகவராகப் பொறுப்பேற்றார். துருக்கியின் ஆட்சேபத்தால் இடையில் சில காலம் விலக்கப்பட்டு மீண்டும் அனுப்பப்பட்டார்.

பணத்தின் பங்கு எவ்வளவு?

1899இல் கொடுத்த 15,000 ரூபாய் ஒரு தொடக்கமே. 1907 அக்டோபரில் குவைத் நகரின் மேற்கே உள்ள ஷுவைக் கரையோர நிலத்தை ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு பிரிட்டன் குத்தகைக்கு எடுத்தது. ரயில் ஒருவேளை வந்தால் அதன் இறுதி நிலையத்துக்குத் தேவைப்படும் நிலம் முன்கூட்டியே தன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு நாட்டின் நிலத்தைப் பிறர் வாங்காமலிருக்க எட்டு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்தவர்கள், அந்தக் கட்டுப்பாடு போதாது என்று கருதி நான்கு மடங்குத் தொகையை ஆண்டுதோறும் கொடுக்க முன்வந்தனர் என்றால், ஷேக்கின் பேரத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

குவைத் மக்களுக்கு இதனால் என்ன நேர்ந்தது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆயினும் முக்கியமான கேள்வி. முபாரக்குக்கு முன் ஷேக்கின் வருவாய் பெரும்பாலும் முத்து வணிகர்களும் கப்பல் உரிமையாளர்களும் மனமுவந்து கொடுத்ததைச் சார்ந்திருந்தது. எனவே ஷேக் அவர்களைக் கலந்துகொண்டே ஆண்டார். சுங்க வருவாயும் பிரிட்டிஷ் பணமும் துறைமுகத்தில் நின்ற கப்பலும் சேர்ந்து அந்தச் சமநிலையைக் குலைத்தன. 1910இல் பாலைவனப் போருக்காக வரிச்சுமையை ஏற்றி, ஆட்களையும் முத்துக் குளிக்கப் போகவிடாமல் தடுத்தபோது, ஹிலால் அல்முதைரி உள்ளிட்ட பெரும் முத்து வணிகர்கள் தம் கப்பல்களுடன் ஊரைவிட்டே வெளியேறினர். கடலை நம்பி வாழ்ந்த அந்த ஊருக்கு அதைவிடக் கடுமையான கண்டனம் இருக்க முடியாது. முபாரக் இறங்கிவந்து அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இந்த உள்நாட்டு வழக்கில் பிரிட்டிஷ் முகவரின் கவலையெல்லாம் ஷேக்கின் நிலை ஆட்டம் காணக்கூடாது என்பதே.

1913 பிரிட்டிஷ் துருக்கிய உடன்படிக்கையை முபாரக் ஏன் துரோகமாகக் கருதினார்?

அவருடைய நாட்டைப் பற்றி அவரைக் கேட்காமல் பேசி முடித்ததால். பாக்தாத் ரயில் உள்ளிட்ட பல சிக்கல்களை ஒரே மூச்சில் தீர்க்க விரும்பிய லண்டன், 1913 ஜூலை 29 அன்று குவைத்தைத் துருக்கியப் பேரரசின் தன்னாட்சி பெற்ற ஒரு வட்டம் என்று ஒப்புக்கொண்டது. ஈடாகத் துருக்கி 1899 உடன்படிக்கையை ஏற்றது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இடப்பட்டன: சிவப்புக் கோட்டுக்குள் ஷேக்கின் முழுத் தன்னாட்சி, அதற்கு வெளியே பச்சைக் கோடு வரை அவருக்கு வரி செலுத்தும் பழங்குடிகள். வர்பா, புபியான் தீவுகள் குவைத்துக்குக் கிடைத்தன. சஃப்வானும் உம் கஸ்ரும் கைவிட்டுப் போயின. குவைத்தில் துருக்கிய முகவர் ஒருவர் இருக்கலாம் என்ற விதி முபாரக்கை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. பிற நாட்டு முகவரை ஏற்பதில்லை என்று அவரிடம் எழுதி வாங்கியவர்களே இப்போது ஒருவரை அனுப்பி வைக்க இசைந்திருந்தார்கள்.

முதல் உலகப் போர் மூண்டதால் இந்த உடன்படிக்கை உறுதிப்படுத்தப்படவே இல்லை. இருந்தும் அதன் கோடுகள் சாகவில்லை; பின்னர் ஈராக்குடனும் நஜ்துடனும் எல்லை பேசியபோதெல்லாம் அவை எடுத்துக் காட்டப்பட்டன.

போர்க் காலத்தில் நிலைமை எவ்வாறு மாறியது?

1914 நவம்பர் 3 தேதியிட்ட கடிதத்தில், சஃப்வான், உம் கஸ்ர், புபியான் ஆகியவற்றைத் தாக்கும்படியும் பஸ்ராவைக் கைப்பற்ற உதவும்படியும் பிரிட்டன் முபாரக்கைக் கேட்டுக்கொண்டது. பதிலுக்கு, குவைத் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் உள்ள சுதந்திர அரசு என்று முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஃபாவுக்கும் குர்னாவுக்கும் இடையிலுள்ள அவருடைய தோட்டங்கள் அவரிடமும் அவருடைய வழித்தோன்றல்களிடமும் வரியின்றி நிலைத்திருக்கும் என்றும் உறுதியளித்தது. 15 ஆண்டுகளாகக் கிடைக்காத பாதுகாப்பு என்ற சொல், துருக்கி பகை நாடான மறுகணமே கிடைத்துவிட்டது.

தோட்டங்களின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. அவை இருந்த மண் பிற்பாடு ஈராக்கிய அரசுக்கு உட்பட்டது. அந்த அரசு வரி கேட்டது, உரிமையையே கேள்விக்குள்ளாக்கும் வழக்குகள் பஸ்ரா நீதிமன்றங்களில் நடந்தன. பிரிட்டனின் 1914ஆம் ஆண்டுக் கடிதத்தைக் காட்டிக் குவைத் ஷேக்குகள் பல்லாண்டுகள் முறையிட்டனர். முபாரக் 1915 நவம்பரில் காலமானார்.

1922இல் குவைத் நிலம் இழந்தது உண்மையா? காப்பாற்ற வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

உண்மை. அரேபியக் கரையோர ஊரான அல்உகைரில் நடந்த கூட்டத்தில், ஈராக்கில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த பெர்சி காக்ஸ் சிவப்புப் பென்சிலால் எல்லைக் கோடுகளை வரைந்தார். நஜ்தை ஆண்ட இப்னு சவூத் (முன்னே சொன்ன அப்துல் அஜீஸ்) ஈராக்கின் பக்கம் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, 1913இல் குவைத்தின் செல்வாக்குப் பகுதியெனக் குறிக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு அளிக்கப்பட்டது. குவைத்தின் சார்பில் அங்கே இருந்தவர் பிரிட்டிஷ் முகவர் மேஜர் மோர். அப்போதைய குவைத் ஆட்சியாளர் ஷேக் அஹ்மது பிறகுதான் செய்தியறிந்தார். அவர் கேட்டதற்கு, வாள் பேனாவைவிட வலியது என்ற பொருளில் காக்ஸ் விடையளித்ததாகப் பதிவு உண்டு. நிலத்தை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று ஷேக்கைக் கட்டிப்போட்ட 1899 உடன்படிக்கை, பிரிட்டனே எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை.

உடன்படிக்கை எப்போது முடிவுக்கு வந்தது?

1961 ஜூன் 19 அன்று குவைத்தின் ஆட்சியாளர் ஷேக் அப்துல்லா அல்சாலிமும் அரசியல் ரெசிடெண்ட் வில்லியம் லூஸும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டு அதை நீக்கினர். குவைத் முழுச் சுதந்திரம் பெற்றது. குவைத் கேட்டுக்கொண்டால் பிரிட்டன் உதவும் என்ற வாசகம் அந்தக் கடிதங்களில் இருந்தது. ஆறே நாளில் ஈராக்கியத் தலைவர் அப்துல் கரீம் காசிம், குவைத் பஸ்ரா மாகாணத்தின் வட்டமாக இருந்தது, எனவே அது ஈராக்குக்கு உரியது என்று அறிவித்தார். முபாரக் விரும்பிப் பெற்று இறுதிவரை துறக்காத காயிம்மகாம் பட்டமே அந்த வாதத்தின் வேர். ஷேக்கின் வேண்டுகோளின்பேரில் ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படை குவைத்தில் இறங்கியது. அவ்வாண்டின் இறுதிக்குள் அரபு லீக் படை அதனிடத்தைப் பெற்றது. காசிம் வீழ்த்தப்பட்ட பிறகு 1963 அக்டோபரில் ஈராக் குவைத்தை அங்கீகரித்தது. உதவி அளிப்பதாகச் சொன்ன பிரிட்டனின் கடப்பாடு 1971 வரை நீடித்தது.